காற்றும் மூச்சும்: அறிவியல் கலைச்சொற்களில் சில கிரேக்க இணைவடிவங்களின் வரலாறு

1.0 முன்னுரை

அறிவியல் நூல்களைத் தமிழாக்கம் செய்வோர் முன்னொட்டுப் பட்டியல்களைப் பெரிதும் நம்பியிருக்கின்றனர். ஒரு பக்கம் கிரேக்க அல்லது இலத்தீன் வடிவம், எதிர்ப்பக்கம் அதற்கு நேரான தமிழ்ச்சொல் என்ற முறையில் அமையும் இத்தகைய பட்டியல்களில் ‘ஏரோ-’ என்பதற்குக் ‘காற்று’ என்றும், ‘நியூமோ-’ என்பதற்கு ‘நுரையீரல்’ என்றும், ‘சைக்கோ-’ என்பதற்கு ‘உளம்’ என்றும் பொருள் தரப்படுவது வழக்கம். ஒரு வடிவத்திற்கு ஒரு பொருள், ஒரு பொருளுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்பதே இப்பட்டியல்களின் அடிப்படைக் கொள்கை. சொற்களை விரைந்து படைப்பதற்கு இக்கொள்கை உதவுகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் காற்று, மூச்சு ஆகியவற்றைக் குறிக்கும் கிரேக்க வடிவங்களின் வரலாற்றை ஆராயும்போது இக்கொள்கை எவ்வளவு தொலைவு செல்லும் என்ற வினா எழுகிறது.

1.1 இவ்வடிவங்கள் எவ்வாறு தோன்றின, எவ்வெவ் மொழிகளின் வழியே பயணம் செய்தன, எந்நிலையில் பொருள் மாறின என்பவற்றை வரலாற்று முறையில் விளக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். அவ்வரலாறு தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்கு உணர்த்துவது யாது என்பதைக் காண்பது இரண்டாவது நோக்கம்.

1.2 இங்கு ஆராயப்படும் வடிவங்களை முன்னொட்டுகள் என்று கூறுவது வழக்கமாயினும், மொழியியல் நோக்கில் அவை இணைவடிவங்கள் எனப்படுதலே பொருந்தும். எதிர்மறைப் பொருள் தரும் ‘அ-’ போன்றது உண்மையான முன்னொட்டு. அது தனித்து நில்லாது. ‘ஏரோ-’, ‘நியூமட்டோ-’ போன்றவையோ தனிச்சொல்லின் வேற்றுமை அடிகளோடு ‘ஒ’ என்னும் இணைப்புயிர் சேர்ந்து தொகைகளில் வருபவை. இவ்வேறுபாடு வெறும் பெயரளவிலானது அன்று. முழுச்சொல் ஒன்றின் அடி என்பதனால் அச்சொல்லின் பொருள்வரலாறு முழுவதும் இணைவடிவத்தில் தங்கியிருக்கிறது. கிரேக்கச் சொற்கள் இக்கட்டுரையில் தமிழ் எழுத்தில் இயன்றவரை மூல ஒலிப்பை ஒட்டித் தரப்படுகின்றன.

2.0 கிரேக்க மூலங்கள்

2.1 அஏர்

‘அஏர்’ என்னும் சொல் தொடக்கத்தில் நாம் இன்று கருதும் காற்றைக் குறிக்கவில்லை. ஓமரின் காப்பியங்களில் அது பெண்பாற் பெயர். பொருள் மூடுபனி, கண்ணை மறைக்கும் மங்கல் என்பதாகும். மேலே ஒளிமயமாகத் திகழும் வெளிக்கு ‘ஐதேர்’ என்று பெயர். எரிதல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து தோன்றியது இச்சொல். எனவே கீழே மங்கலான அஏர், மேலே சுடரும் ஐதேர் என்ற எதிர்நிலை பழைய கிரேக்கத்தில் இருந்தது. பிற்காலத்தில் அஏர் ஆண்பாற் பெயராகி, நம்மைச் சூழ்ந்துள்ள கட்புலனாகாப் பொருளைக் குறிக்கலாயிற்று. கண்ணை மறைப்பதைக் குறித்த சொல்லே கண்ணுக்குத் தெரியாததைக் குறிக்க நேர்ந்தது பொருண்மை மாற்றத்தின் வியத்தகு சான்றாகும்.

இம்மாற்றத்திற்கு மெய்யியலாரும் காரணமாயினர். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மிலேத்தஸ் நகரைச் சேர்ந்த அனாக்சிமினீஸ் அனைத்துக்கும் மூலப்பொருள் அஏர் என்றார். அது அடர்ந்தால் நீரும் மண்ணும் ஆகும். நெகிழ்ந்தால் நெருப்பாகும் என்பது அவர் கொள்கை. உடலை உயிர் தாங்குவது போல உலகைக் காற்று தாங்குகிறது என்று அவர் ஒப்பிட்டதாகப் பிற்கால நூல் ஒன்று கூறுகிறது. அக்குறிப்பில் அஏர், ப்நெயூமா என்னும் இரு சொற்களும் ஒரு பொருளனவாக ஆளப்படுகின்றன என்பது நமக்கு இன்றியமையாத செய்தி.

2.2 ப்நெயூமா, ப்நொயே

‘ப்நெஓ’ என்றால் வீசு, ஊது, மூச்சு விடு என்று பொருள். இவ்வினையடியிலிருந்து இரு பெயர்கள் தோன்றின. ஒன்று ‘ப்நெயூமா’, மற்றொன்று ‘ப்நொயே’. முன்னது வீசும் காற்று, மூச்சு, உயிர், ஆவி எனப் பொருள் விரிந்தது. பின்னது மூச்சுவிடும் செயலைக் குறித்து, தொகைகளின் ஈற்றில் ‘-ப்நொயா’ என அமைந்தது. மருத்துவத்தில் வழங்கும் ‘-ப்னியா’ என்னும் ஈறு இதன் வழிவந்ததே.

ப்நெயூமா என்பது எழுவாய் வடிவம். வேற்றுமை ஏற்கும்போது அடி ‘ப்நெயூமத்-’ என மாறும். தமிழில் ‘மரம்’ என்பது ‘மரத்து-’ எனத் திரிந்து வேற்றுமையுருபு ஏற்பதை இதனோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். எனவே முறையான இணைவடிவம் ‘நியூமட்டோ-’ என்பதேயாம். இச்செய்தி பின்னர் வேண்டப்படும்.

இப்போக்ரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல் தொகுதியில் ‘காற்றுகள்’ என்னும் சிறுநூல் ஒன்று உண்டு. உடலின் உள்ளே இருக்கும் ப்நெயூமாவுக்கு ‘ஃபூசா’ என்றும், உடலுக்கு வெளியே உள்ளதற்கு ‘அஏர்’ என்றும் பெயர் என அந்நூலாசிரியர் வரையறுக்கிறார். கலைச்சொற்களைப் பொருள்வரையறை செய்து பிரித்துக் காட்டும் முயற்சிகளுள் காலத்தால் மிக முற்பட்டவற்றுள் ஒன்று இது. ஃபூசாவின் அடி ‘எம்ஃபிசீமா’ என்னும் நோய்ப்பெயரில் இன்றும் வாழ்கிறது. ஊதிப் புடைத்தல் என்பது அதன் சொற்பொருள். நுரையீரலின் காற்றறைகள் சிதைந்து விரியும் நோய்க்கு அப்பெயரை நிலைபெறச் செய்த விளக்கம் இலன்னெக் என்பாரின் 1819ஆம் ஆண்டு நூலில் உள்ளது.

2.3 ப்சூகே, அனெமொஸ், அத்மொஸ்

‘ப்சூகே’ என்பதும் மூச்சோடு தொடர்புடையதே. ஊதிக் குளிர்வித்தல் என்னும் பொருளுடைய வினையோடு அது இயைபுடையது. இறப்பவனின் வாயிலிருந்து நீங்கும் இறுதி மூச்சு, அதனால் உயிர், அதனால் ஆன்மா, அதனால் மனம் என அதன் பொருள் படிப்படியாக விலகிச் சென்றது. இன்று ‘சைக்கோ-’ என்னும் இணைவடிவத்தில் மூச்சின் தடம் சிறிதும் இல்லை. ‘உளவியல்’ என்ற தமிழாக்கத்தை ஏற்போர் எவரும் அதனை ‘மூச்சியல்’ என மாற்ற முனையார். மூலப்பொருளை விட்டு வழக்குப்பொருளைக் கொள்ளுதல் சரி என்பதை இங்கு அனைவரும் இயல்பாகவே ஏற்கின்றனர். பிற இடங்களில்தான் தயங்குகின்றனர்.

காற்றின் விரைவை அளக்கும் ‘அனிமோமீட்டர்’ கருவியின் பெயரில் உள்ள ‘அனெமொஸ்’ என்பது வீசும் காற்று. மூச்சுவிடு என்னும் பொருளுடைய இந்தோ ஐரோப்பிய அடியின் வழிவந்தது இச்சொல். இலத்தீனில் மனத்தைக் குறிக்கும் ‘அனிமுஸ்’, உயிரைக் குறிக்கும் ‘அனிமா’, வடமொழியில் காற்றைக் குறிக்கும் ‘அநில’, மூச்சைக் குறிக்கும் ‘பிராண’ என்பவற்றின் ‘அன்’ என்னும் அடி ஆகிய யாவும் அதே குடும்பத்தவை. ஆகவே தமிழில் வழங்கும் ‘பிராணவாயு’ என்னும் தொடரின் முதற்பகுதியும் ‘அனிமோ-’ என்னும் கிரேக்க வடிவமும் தொலைவான உறவினர் ஆவர்.

‘அத்மொஸ்’ என்றால் நீராவி, புகை. ‘அட்மோ-’ என்னும் வடிவம் இதன் வழியது.

3.0 இரு ‘நியூமோ’க்கள்

3.1 நுரையீரலுக்குப் பழைய கிரேக்கப் பெயர் ‘ப்லெயூமோன்’ என்பதாகும். இலத்தீன் ‘புல்மோ’, வடமொழிக் ‘க்லோமன்’ ஆகியவை இதன் இனச்சொற்கள். மிதத்தல் என்னும் பொருளுடைய அடியோடு அறிஞர்கள் இதனை இணைப்பர். விலங்கின் உறுப்புகளுள் நீரில் இட்டால் மிதப்பது நுரையீரல். ஆங்கிலத்தில் நுரையீரலைக் குறிக்கும் சொல்லும் ‘கனமற்றது’ என்னும் பொருளடியிலிருந்து வந்ததே. தமிழில் ‘நுரையீரல்’ என்னும் பெயரும் நுரைபோன்ற இலேசான தன்மையையே நோக்குகிறது. மூன்று மொழிகளிலும் உறுப்பின் தொழிலன்றி அதன் தன்மையே பெயராயிற்று.

கிரேக்கர்கள் பின்னர் இச்சொல்லை மூச்சோடு தொடர்புபடுத்தி உணரத் தொடங்கினர். மூச்சுவிடும் உறுப்பு ஆதலின் ‘ப்நெஓ’ என்னும் வினையோடு இயைத்து ‘ப்நெயூமோன்’ என ஒலித்தனர். மக்கள் சொற்பிறப்பியல் என மொழியியலார் கூறும் நிகழ்வுக்கு இது தெளிவான சான்று. இவ்வாறு வேறு வேறு வேர்களை உடைய இரு சொற்கள், மூச்சைக் குறிக்கும் ‘ப்நெயூமத்-’, நுரையீரலைக் குறிக்கும் ‘ப்நெயூமோன்-’ என வடிவத்தால் நெருங்கின.

3.2 முறையாக ஆக்கப்பட்ட தொகைகளில் இவ்விரண்டும் குழம்புவதில்லை. அலையாத்தி மரங்களின் சேற்றுக்கு மேல் நீண்டிருக்கும் மூச்சுவேர்களைத் தாவரவியல் ‘நியூமட்டோஃபோர்’ என்கிறது. இது மூச்சின் அடி. தொழிற்கூடத் தூசியினால் நுரையீரலில் தோன்றும் நோய்க்கு 1866இல் ஜெர்மானிய மருத்துவர் சென்கர் ‘நியூமோனோகோனியோசிஸ்’ எனப் பெயரிட்டார். இது நுரையீரலின் அடி. ஆனால் நாளடைவில் இரு வடிவங்களும் சுருங்கி ‘நியூமோ-’ என ஒன்றாயின. சென்கரின் சொல்லும் ‘நியூமோகோனியோசிஸ்’ எனக் குறைந்தது. சுருக்கத்தால் விளைந்த ஒப்புருச்சொல் என இதனைக் கூறலாம்.

3.3 இதன் விளைவை ஒரு சொல்லின் வாயிலாகக் காண்போம். ‘நியூமோதொராக்ஸ்’ என்னும் சொல்லை 1803இல் பிரெஞ்சு மருத்துவர் இத்தார் ஆக்கினார். ‘தொராக்ஸ்’ என்பது மார்புக்கூடு. இங்கு ‘நியூமோ-’ என்பது நுரையீரல் அன்று, காற்று. நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையிலுள்ள உறையிடைவெளியில் காற்று புகுந்துவிடுவதனால் நுரையீரல் சுருங்கிப்போகும் நிலையே இச்சொல்லின் பொருள். பட்டியலை மட்டும் நோக்கி ‘நியூமோ-’ என்பதற்கு நுரையீரல் எனக் கொண்டு தமிழாக்கினால், காற்று எங்கே இருக்கிறது என்னும் அடிப்படைச் செய்தியே மறைந்துவிடும்.

இத்தாலிய மருத்துவர் ஃபோர்லானினி 1882இல் காசநோய்க்குச் செயற்கை நியூமோதொராக்ஸ் முறையை முன்மொழிந்தார். நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு தரும்பொருட்டு மார்பின் உறையிடைவெளியில் வளியைச் செலுத்தி அந்நுரையீரலைச் சுருங்கச் செய்வது அம்முறை. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் வரும் வரை உலகெங்கும் காசநோய் மருத்துவமனைகளில் இது கையாளப்பட்டது. காற்று நுரையீரலுக்கு வெளியே செலுத்தப்படுகிறது என்பது விளங்காவிடில் இம்மருத்துவ முறையின் வரலாற்றை எழுதவே இயலாது. ‘மார்புறைக் காற்று’ போன்ற ஆக்கம் காற்று இருக்கும் இடத்தையும் காற்றையும் ஒருங்கே சுட்டுவதால் ஏற்புடையதாகும்.

3.4 சென்கரின் சொல்லுக்கு இதற்கு நேர்மாறான இடர் உண்டு. இங்கு ‘நியூமோ-’ நுரையீரலையே குறிக்கிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில்வழி நோய்களைத் தொகுத்த மூன்றாம் அட்டவணையில் கனிமத் தூசியால் வரும் இந்நோய்கள் இடம்பெற்றிருந்தன. ‘காற்றுத் தூசு நோய்’ எனத் தமிழாக்கினால் காற்றிலுள்ள தூசியால் வரும் தும்மலும் அதனுள் அடங்கும். கல் உடைக்கும் தொழிலாளியின் நுரையீரல் இறுகிப்போவது அச்சொல்லில் புலப்படாது. ‘நுரையீரல் தூசு நோய்’ என்றால் உறுப்பும் காரணமும் தெளிவாகும். சட்ட மொழிபெயர்ப்பில் ஓர் இணைவடிவத்தைப் பிறழ உணர்வது உழைப்பாளியின் உரிமையைத் தொடும் செயலாக முடியும்.

4.0 மொழிபெயர்ப்பாளர் வழி

4.1 இச்சொற்கள் நம்மை வந்தடைந்தது மொழிபெயர்ப்பாளர்களின் வழியாகவே. கி.மு. 45இல் கடவுளர் இயல்பு பற்றி எழுதிய சிசரோ, ‘அஏர்’ கிரேக்கச் சொல்லாயினும் மக்கள் வழக்கில் நன்கு பயின்றுவிட்டதால் இலத்தீன் சொல்லாகவே ஆளப்படுகிறது என்று குறிப்பிடுகிறார். கடன்சொல்லை ஏற்பதற்கு மூலத்தை அன்றிப் பயிற்சியையே அவர் அளவுகோலாகக் கொண்டார் என்பது கருதத்தக்கது. ப்நெயூமாவுக்கோ இலத்தீனார் தம் சொல்லையே தேர்ந்தனர். மூச்சுவிடு என்னும் பொருளுடைய ‘ஸ்பீரோ’ என்னும் வினையிலிருந்து ‘ஸ்பீரித்துஸ்’ என்னும் பெயர் அதற்கு ஈடாயிற்று. ஒரே துறையில் ஒன்றைக் கடனாகவும் மற்றொன்றை மொழிபெயர்ப்பாகவும் கொள்ளும் இருவழி முறை அன்றே தோன்றிவிட்டது. 1846இல் ஹட்சின்சன் மூச்சின் கொள்ளளவை அளக்க அமைத்த கருவிக்கு ‘ஸ்பைரோமீட்டர்’ எனப் பெயரிட்டபோது இலத்தீன் முற்பகுதியும் கிரேக்கப் பிற்பகுதியும் ஒரே சொல்லில் கலந்தன.

4.2 அலெக்சாந்திரியாவில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எராசிஸ்டிராட்டஸ், தமனிகளில் ஓடுவது குருதியன்று, உயிர்ப் ப்நெயூமாவே என்றார். ‘ஆர்த்தேரியா’ என்னும் சொல் மூச்சுக்குழலையும் குறித்தது என்பதை நினைவிற் கொண்டால் இக்கருத்தின் பின்னணி விளங்கும். கரடுமுரடான ஆர்த்தேரியா எனப் பொருள்படும் தொடரே மூச்சுக்குழலின் பெயராயிற்று. பின்னர் ‘ஆர்த்தேரியா’ விடுபட்டு, ‘கரடுமுரடானது’ என்று மட்டும் பொருள்படும் ‘ட்ரக்கியா’ எஞ்சியது. மூச்சைக் குறிக்கும் பகுதி எதுவும் இன்றி மூச்சுக்குழலின் பெயர் நிற்கிறது. தமனிகளில் ஓடுவது குருதியே எனக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் செய்முறையால் நிறுவினார். கொள்கை மாறியது; பெயர் மாறவில்லை.

4.3 பாக்தாதில் 9ஆம் நூற்றாண்டில் கேலனின் நூல்களைச் சிரியாக் மொழியிலும் அரபியிலும் பெயர்த்த ஹுனைன் இப்னு இஷாக், பல படிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த பின்னரே மொழிபெயர்க்கும் நெறியினர். ப்நெயூமாவுக்கு அரபியில் ‘ரூஹ்’ ஈடாயிற்று. காற்றைக் குறிக்கும் ‘ரீஹ்’ என்பதும் அதே வேரினது. ஆகவே கிரேக்கச் சொல்லின் இரு பொருளையும் அரபி வேர் தாங்கிக்கொண்டது. யுனானி மருத்துவம் இந்தியாவுக்கு வந்தபோது உடலின் ஏழு இயற்கைப் பொருள்களுள் ஒன்றாக ரூஹும் உடன் வந்தது. காற்றும் உயிரும் ஒரு சொல்லுள் அடங்கிய பழைய கருத்து இவ்வாறு நம் நாட்டு மருத்துவ மரபு ஒன்றிலும் நிலைத்தது.

4.4 இலக்கணத் துறையிலும் இச்சொல் இடம்பெற்றது. சொன்முதல் உயிரின்மேல் இடப்படும் மூச்சொலிக் குறிகளைக் கிரேக்க இலக்கணிகள் ‘ப்நெயூமா’ என்றே வழங்கினர். வடமொழி இலக்கண மரபு மூச்சொலியுடைய மெய்களை ‘மகாப்பிராணம்’ எனவும் அஃதில்லாதவற்றை ‘அற்பப்பிராணம்’ எனவும் பகுத்தது. தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்துகளின் தோற்றத்தை உந்தியிலிருந்து எழும் வளியைக் கொண்டு விளக்குகிறது. ஒலியை மூச்சாகக் காணும் நோக்கு மூன்று மரபுகளிலும் இருப்பினும் சொல்லாட்சி தத்தம் மொழிக்கு ஏற்ப வேறுபட்டது.

5.0 புதிய அறிவியலும் புதிய சொற்களும்

5.1 ‘அட்மோஸ்ஃபியர்’ என்னும் சொல் பழைய கிரேக்கத்தில் இல்லை. டச்சு அறிஞர் சைமன் ஸ்டெவினின் நூலை 1608இல் இலத்தீனில் பெயர்த்த ஸ்னெல்லியஸ், ஆவியின் உயரம் எனப் பொருள்படும் டச்சுத் தொகைச்சொல்லுக்கு ஈடாக, ‘அத்மொஸ்’, ‘ஸ்ஃபைரா’ என்னும் கிரேக்கச் சொற்களை இணைத்து இதனை ஆக்கினார். அறிவியலின் தலையாய சொல் ஒன்று மொழிபெயர்ப்பாளரின் மேசையில் பிறந்தது. அக்காலத்தவர் புவியைச் சூழ்ந்திருப்பது நிலத்திலிருந்து எழும் ஆவி எனக் கருதியமையின் ‘ஆவிக்கோளம்’ என்பதே அதன் சொற்பொருள். தமிழில் நிலைத்துவிட்ட ‘வளிமண்டலம்’ சொற்பொருளைப் பின்பற்றவில்லை. இன்றைய கருத்தைப் பின்பற்றுகிறது. இவ்வகையில் மூலச்சொல்லினும் தமிழ்ச்சொல் செம்மையானது எனலாம்.

5.2 1644இல் மறைந்த வான் ஹெல்மான்ட், காற்றும் நீராவியும் அல்லாத ஆவிப்பொருள்கள் உள என்பதை உணர்ந்து அவற்றிற்கு ‘காஸ்’ எனப் பெயரிட்டார். கிரேக்கக் ‘காவொஸ்’ என்பதோடு அதனை அவரே தொடர்புபடுத்தினார். இச்சொல் உடனே பரவவில்லை. 18ஆம் நூற்றாண்டில் வேதியியலார் ‘காற்று’ என்னும் சொல்லையே அடைகொடுத்து வழங்கினர். பிளாக் ‘நிலைத்த காற்று’ என்றார். கேவண்டிஷ் 1766இல் ‘எரியும் காற்று’ என்றார். அத்துறைக்கே ‘நியூமாட்டிக் வேதியியல்’ என்ற பெயர் வழங்கியது. அதே காலத்தில் ‘நியூமட்டாலஜி’ என்னும் சொல் ஆவிகளையும் தூய ஆவியையும் பற்றிய இறையியலைக் குறித்தது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கிய பின்னர் அதே அடைமொழி தெருவுக்கும் வந்தது. பிரெஞ்சு மொழியில் டயரின் பெயரே ‘ப்நூ’ எனச் சுருங்கி நிற்கிறது.

5.3 1787இல் பிரான்சில் லவாய்சியர் உள்ளிட்ட நால்வர் வேதியியல் பெயரிடு முறையை வெளியிட்டனர். அதுவரை ‘உயிர்க்காற்று’ எனப் பிரெஞ்சில் வழங்கிய வளிக்கு அமிலம் ஆக்குவது என்னும் பொருளில் ‘ஆக்சிஜன்’ என்ற பெயரும், உயிர் தாங்காத வளிக்கு எதிர்மறை முன்னொட்டோடு ‘அசோட்’ என்ற பெயரும் நிலைபெற்றன. அமிலம் அனைத்திலும் ஆக்சிஜன் உண்டு என்ற கருத்து பின்னர்ப் பொய்த்தது. ‘பிராணவாயு’, ‘உயிர்வளி’ என்னும் சொற்கள் சுட்டும் கருத்தோ இன்றும் பொய்க்கவில்லை. எனினும் ‘பிராணவாயு’ என்பதற்கு இடர் ஒன்று உண்டு. சித்த மருத்துவத்திலும் யோக நூல்களிலும் அது உடலில் இயங்கும் பத்து வாயுக்களுள் ஒன்றின் பெயர். பழைய மருத்துவ ஏட்டைப் பதிப்பிப்போர் அச்சொல்லுக்கு ஆக்சிஜன் எனப் பொருள் எழுதினால் கால முரண் நேரும்.

5.4 பாஸ்டர் 1861இல் பியூட்டிரிக் நொதித்தலை ஆராய்ந்தபோது, நீர்த்துளியின் ஓரத்தில் காற்றுப்படும் இடத்தில் நுண்ணுயிர்களின் அசைவு நின்றுவிடுவதைக் கண்டார். 1863இல் அவர் ‘ஏரோபி’, ‘அனேரோபி’ என்னும் சொற்களை ஆக்கினார். இங்கு ‘ஏரோ-’ என்பது காற்று முழுவதையும் குறிக்கவில்லை; காற்றில் தனித்துள்ள ஆக்சிஜனையே குறிக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘காற்றில்லாச் சுவாசம்’ என்றும், இலங்கைப் பாடநூல்களில் ‘காற்றின்றிய சுவாசம்’ என்றும் வழங்குகிறது. காற்றில்லாமை என்றவுடன் வெற்றிடம் என மாணவர் எண்ணக்கூடும். நைட்ரஜனும் கரியமில வளியும் நிறைந்த கலத்தில் இவ்வுயிர்கள் செழித்து வளர்வதை அவர்களுக்கு விளக்குவது அப்போது கடினமாகிறது. வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை மாற்ற வேண்டும் என்பதன்று இதன் கருத்து. முதன்முறை வருமிடத்தில் ‘காற்று என்பது இங்கு ஆக்சிஜன்’ என்னும் வரையறை உடன் வரவேண்டும் என்பதே.

5.5 ‘ஏரோசால்’ என்பதில் அதே வடிவம் மற்றொரு பொருளில் வருகிறது. நீரில் நுண்துகள் மிதக்கும் ‘ஹைட்ரோசால்’ என்பதை ஒட்டி ஆக்கப்பட்ட இச்சொல்லில் ‘ஏரோ-’ என்பது துகள்களைத் தாங்கும் இடம். 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது, பெருந்துளிகளால் பரவுதலுக்கும் காற்றில் மிதக்கும் நுண்துளிகளால் பரவுதலுக்கும் உள்ள வேறுபாடு உலகெங்கும் விவாதிக்கப்பட்டது. அறையின் சன்னலைத் திறப்பதா, மேசையைத் துடைப்பதா என்பது அவ்வேறுபாட்டைப் பொறுத்தது. ‘மிதவைத் துகள்’, ‘காற்றில் மிதக்கும் நுண்துளி’ எனத் தாங்கும் தன்மையை வெளிப்படுத்தும் ஆக்கங்களே அங்குப் பயன்பட்டிருக்கும்.

6.0 ‘-ப்னியா’ ஈற்றுச் சொற்கள்

மூச்சின் நிலைகளைக் குறிக்கும் சொற்கள் ஒரே ஈற்றைக் கொண்டு ஒழுங்கான வரிசையாக அமைந்துள்ளன. மூச்சு நிற்றல் ‘அப்னியா’. மூச்சு முட்டுதல் ‘டிஸ்ப்னியா’. விரைந்த மூச்சு ‘டேக்கிப்னியா’. மெதுவான மூச்சு ‘பிராடிப்னியா’. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸ், மூச்சுத்துன்பத்தை மூன்று படிகளாகப் பிரித்து, மிதமானதை டிஸ்ப்னியா என்றும், கடுமையானதை ஆஸ்துமா என்றும், கழுத்தை நிமிர்த்தினாலன்றி மூச்சு வாராத நிலையை ஆர்தாப்னியா என்றும் கிரேக்கப் பெயர்களாலேயே குறித்தார். வாய்திறந்து இரைத்தல் என்னும் பொருளுடைய ‘ஆஸ்துமா’ ஓமரின் இலியத்தில் நோய்ப்பெயராக அன்றிப் போர்வீரனின் மூச்சிரைப்பாகவே வருகிறது.

இவ்வரிசையில் ‘ஆர்தாப்னியா’ மொழிபெயர்ப்பாளரின் தனிக் கவனத்திற்குரியது. ‘ஆர்த்தோ-’ என்பதற்குப் பட்டியல்கள் ‘சரியான’, ‘நேரான’ எனப் பொருள் தருகின்றன. முதற்பொருளைக் கொண்டால் நோயின் பெயர் ‘சரியான மூச்சு’ என நலத்தின் பெயராகிவிடும். இங்கு அது நிமிர்ந்த நிலையைக் குறிக்கிறது. படுத்தால் மூச்சு முட்டும், எழுந்து அமர்ந்தால் தணியும். ‘படுக்கை மூச்சுத்திணறல்’ என்று நோயாளியின் துன்பத்தின் பக்கமிருந்து பெயரிடுவது தமிழ் இயல்புக்கு ஏற்றது. இதய நோயர் தாமே ‘படுத்தால் மூச்சு முட்டுகிறது’ என்றுதான் மருத்துவரிடம் கூறுவர்.

‘அஸ்ஃபிக்சியா’ இதற்கு மறுதலையான சான்று. இன்று மூச்சடைப்பைக் குறிக்கும் இச்சொல்லில் மூச்சைக் குறிக்கும் உறுப்பே இல்லை. நாடித்துடிப்பு இல்லாமை என்பதே அதன் கிரேக்கப் பொருள். சொல்லை உறுப்புகளாகப் பகுத்துப் பொருள் காணும் முறை இவ்விடத்தில் முற்றிலும் வழிதவறச் செய்யும்.

7.0 தமிழ்ச் சொல்வளம்

7.1 தமிழில் இப்பொருட்புலம் வளமானது. ‘கால்’ என்பதிலிருந்து தோன்றிய ‘காற்று’ பொதுச்சொல். ‘வளி’ பழைய இலக்கியச் சொல். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் உடலின் மூன்று கூறுகளுள் முதலாவதாகவும் அது வருகிறது. ‘உயிர்’ என்பதன் வினையாகிய ‘உயிர்த்தல்’ மூச்சுவிடுதலைக் குறிக்கும், ‘நெட்டுயிர்ப்பு’ பெருமூச்சு. உயிரும் மூச்சும் ஒன்றாதல் கிரேக்கத்திற்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது போதிய சான்று.

7.2 ‘ஆவி’ என்பதோ ப்நெயூமாவோடும் அத்மொஸோடும் ஒருங்கே ஒப்பிடத்தக்கது. நீராவி, மூச்சு, உயிர், இறந்தோர் ஆவி என அதன் பொருள் விரிகிறது. ‘கொட்டாவி’ என்னும் அன்றாடச் சொல்லில் மூச்சுப்பொருள் இன்றும் உள்ளது. விவிலியத்தைத் தமிழாக்கியோர் ப்நெயூமாவுக்கு ஆவி என்பதைத் தேர்ந்தது பொருத்தமான தேர்வு. கத்தோலிக்கர் நெடுங்காலம் ‘இஸ்பிரீத்து சாந்து’ என்று இலத்தீன், போர்ச்சுக்கீசிய வடிவத்தை வழங்கிப் பின்னர்த் ‘தூய ஆவி’ என மாற்றிக்கொண்டனர். கடனிலிருந்து மொழிபெயர்ப்புக்கு ஒரு சமூகமே நகர்ந்த இச்செய்தி, வழக்கில் ஊன்றிய சொல்லை மாற்றவே இயலாது என்னும் கருத்தை மறுக்கிறது.

7.3 இந்திய மொழிகள் பலவற்றுக்குப் பொதுவான சொற்களை ஆக்க விழைந்த இரகுவீரா, ஒவ்வொரு கிரேக்க, இலத்தீன் ஒட்டுக்கும் நிலையான வடமொழி ஈடு காணும் முறையை மேற்கொண்டார். ஆக்சிஜனுக்கு ‘ஜாரக’, ஹைட்ரஜனுக்கு ‘உதஜன’ போன்ற ஆக்கங்கள் அவருடையவை. 1961இல் அமைந்த அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் தனிமங்களின் பெயர்களை உலக வழக்கிலேயே ஏற்றது. ஒட்டுக்கு ஒட்டு என்னும் முறையின் ஒழுங்கு கவர்ச்சியானது. ஆனால் மேலே கண்டவாறு ஒட்டே ஒரு பொருளில் நில்லாதபோது அவ்வொழுங்கு தோற்றமளவில் நின்றுவிடுகிறது.

யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டில் மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய சாமுவேல் கிறீன், நோயாளிகளையும் மாணவர்களையும் நேரிற் கண்டு பழகியவர். கருத்தை முதலில் உணர்ந்து சொல்லைப் பின்னர்த் தேடும் வாய்ப்பு அத்தகையோர்க்கு இயல்பாகவே உண்டு. பட்டியலிலிருந்து சொல்லுக்குச் செல்லும் இன்றைய மொழிபெயர்ப்பாளருக்கு அவ்வாய்ப்பைச் சொல்வரலாறுதான் ஓரளவு ஈடுசெய்ய வேண்டும்.

8.0 முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

(1) காற்றையும் மூச்சையும் குறிக்கும் கிரேக்க இணைவடிவங்கள் ஒரு பொருளில் நிற்பவை அல்ல. ‘ஏரோ-’ என்பது காற்று, ஆக்சிஜன், தாங்கும் இடம் எனவும், ‘நியூமோ-’ என்பது காற்று, நுரையீரல் எனவும் சொல்தோறும் வேறுபடும். ஆகவே ஒட்டுப் பட்டியல்களில் ஒவ்வொரு வடிவத்திற்கும் பொருள்களை எண்ணிட்டுப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுச் சொல் தருதல் வேண்டும்.

(2) சொற்பொருளும் அறிவியற்பொருளும் முரண்படும்போது அறிவியற்பொருளே கொள்ளத்தக்கது. ‘வளிமண்டலம்’, ‘உளவியல்’ ஆகிய வெற்றிபெற்ற ஆக்கங்கள் இந்நெறியில் அமைந்தவையே. சொற்பிறப்பியல் சொல்லாக்கத்திற்குத் துணையேயன்றித் தலைமை அன்று.

(3) தமிழில் முன்னரே வேறு துறையில் வரையறை பெற்ற வளி, ஆவி, பிராணவாயு போன்ற சொற்களைப் புதிய கருத்துக்கு ஆளும்போது எத்துறைக்கு எப்பொருள் என அகராதியில் சுட்டுதல் இன்றியமையாதது.

(4) மருத்துவம், சட்டம் ஆகிய துறைகளில் ஓர் ஒட்டின் பொருளை ஊகத்தால் கொள்ளலாகாது. முழுச்சொல்லின் வரையறையைத் துறை நூலில் கண்டபின்னரே தமிழ்ச்சொல்லைத் தேர்தல் வேண்டும். நோயின் பெயரைத் தமிழில் படிப்பவர் பெரும்பாலும் அந்நோயை உடையவராகவோ அவருடைய சுற்றத்தாராகவோ இருப்பர். பெயரில் நேரும் பிழையைத் திருத்திப் படித்துக்கொள்ள மூலச்சொல் அவர்களிடம் இராது.